பளிச்சென்று வந்த படம்

படம் கழுவும் தொழிலில் இருக்கிற நீங்கள் டெவலப்பர் மருந்து கரைக்கும் கணக்கைச் சொல்லச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். மெட்டால் எவ்வளவு, சோடா எவ்வளவு என்பதெல்லாம் டப்பாவின் மேலேயே அச்சடித்திருக்கிறது. அதைப் படித்துக்காட்ட ஒரு கிழவனை இந்த வெயிலில் வரவழைத்திருக்க வேண்டாம். வந்ததுதான் வந்துவிட்டேன், டப்பாவில் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். என் வேலைக்காலத்தில் நான் போட்ட பிரிண்டுகளில் மிகச் சுத்தமாக வந்த ஒன்றைப் பற்றி. அதைப்போல ஒரு கெடுதலை நான் வேறு யாருக்கும் செய்ததில்லை.

அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். தூத்துக்குடியில் ஒரு ஸ்டுடியோவில் நான் இருட்டறை வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். படம் பிடிப்பது முதலாளி. உடன்குடிப் பக்கத்துக்காரர். கையில் கருப்பட்டிக் காப்பி இல்லாமல் அவரைப் பார்ப்பது அபூர்வம். எல்லோரையும்போல நானும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் படம் எடுத்து, படம் பதிந்த கண்ணாடி பிளேட்டை என் கையில் கொடுத்துவிட்டால் அவர் வேலை முடிந்தது. இருட்டறைக்குள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். உள்ளே நான்தான் ராஜா.

சண்டையால் பம்பாயிலிருந்து படம் போடுகிற புதுப் பேப்பர் வருவது நின்றுபோயிருந்தது. மூடிப்போன கடைகளிலிருந்து பழைய பெட்டிகளை வாங்கித்தான் ஓட்டினோம். கடற்காற்று பட்ட பழைய பேப்பர் எப்படியிருக்கும் என்று உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். வெளிச்சமே காட்டாமல் டெவலப்பரில் போட்டாலும் சாம்பல் பூத்துக்கொண்டு வரும். அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் புகை. புகை ஏறிய பேப்பரில் கல்யாணப் பெண்ணின் வெள்ளைப் பட்டுகூட அழுக்குத் துணியாகத் தெரியும். வாங்க வந்தவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள்.

புகைக்கு மருந்து பொட்டாசியம் புரோமைடு. டெவலப்பரில் ஒரு சிட்டிகை கூடுதலாகப் போட்டால் சாம்பல் அடங்கும். இன்னொரு சிட்டிகை போட்டால் வெள்ளை வெள்ளையாக நிற்கும். ஆனால் அது புகையை மட்டும் பார்த்துப் பிடித்து அடக்குகிற மருந்து இல்லை. படத்தில் இருக்கிற மெல்லிய சாம்பல் நிறங்களையும் சேர்த்து அமுக்கிவிடும். வெளிச்சம் விழுந்த கன்னத்தின் லேசான குழி, வெள்ளைச் சட்டையின் மடிப்பு எல்லாம் போய்விடும். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் செய்தேன், ஏனென்றால் ஊர் கேட்டது அதைத்தான். "பளிச்சுன்னு வரணும்" என்று சொல்லாத வாடிக்கைக்காரரை நான் கண்டதில்லை. பளிச் என்றால் பின்னால் சுவர் வெள்ளையாக இருக்கவேண்டும், முகம் சிவப்பாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். எந்தப் பாழாய்ப்போன பேப்பரைக் கொடுத்தாலும் பளிச்சென்று கொண்டுவருவேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டாயிற்று. தலைக்கனமும் உண்டாயிற்று.

ஒருமுறை காயல்பட்டினத்து வியாபாரி ஒருவர் தன் படத்தை வாங்க வந்தார். நல்ல மாநிறம், முகத்தில் அம்மைத் தழும்பு. நான் கொடுத்த பிரிண்டில் தழும்பையும் காணோம், மாநிறத்தையும் காணோம். வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நான் கொழும்புக்குத்தானே போறேன், சீமைக்கா போறேன்? இது யாரு?" கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அதை மறந்தும்விட்டேன்.

இனிச் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன்.

அந்த வருஷம் தூத்துக்குடியிலிருந்து ஓடு ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போன ஒரு தோணி போய்ச் சேரவில்லை. நடுவில் பெருங்காற்று அடித்திருந்தது. தோணியில் எட்டுப் பேர். அதில் ஒருவன் மிக்கேல், இங்கே கடற்கரைத் தெருக்காரன். பன்னிரண்டு நாள் கழித்துக் கீழவைப்பார் கடற்கரை மணலில் ஓர் ஆண்பிணம் ஒதுங்கியது. முகத்தை மீன் விட்டுவைக்கவில்லை. சண்டைக் காலம் என்பதால் அது எந்தக் கப்பல்காரனாகவும் இருக்கலாம். அடையாளத்துக்குப் படம் வேண்டும் என்று போலீஸ் ஏட்டய்யா வந்து அண்ணாச்சியை அழைத்துப்போனார்.

பிளேட் பஞ்சம், அதனால் ஒரே ஒரு படம். நாற்றம் தாங்காமல் தூரத்தில் நின்று அண்ணாச்சி எடுத்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு ஏட்டய்யா ‘அடையாளம் ஒன்றும் இல்லை’ என்று எழுதிக்கொண்டார். ஊர்க்காரர்கள் இரண்டு பேர் பாயில் சுருட்டி அங்கேயே மணலில் புதைத்துவிட்டார்கள். மத்தியானம் பிளேட் என் கைக்கு வந்தபோது, அந்த மனிதன் இன்னாரென்று சொல்ல இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு கண்ணாடித் துண்டுதான்.

"ஏலே, இன்னைக்கே வேணுமாம். இன்ஸ்பெக்டர் கேக்காரு" என்றார் அண்ணாச்சி. ஏட்டய்யா கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

முதல் பிரிண்ட் போட்டேன். மணல், பிணம், வானம் எல்லாம் ஒரே சாம்பல். அழுக்குக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல இருந்தது. சிவப்பு விளக்கின் கீழே அதைத் தூக்கிப் பிடித்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் புகைதான். படத்தில் கிடந்த மனிதனை நான் பார்க்கவேயில்லை. படத்தை நிலைக்கவைக்கிற ஹைப்போ மருந்தில் ஒரு முக்கு முக்கி ஓரமாக வீசினேன். டெவலப்பரில் புரோமைடு போட்டேன், மறுபடியும் போட்டேன், கூடுதலாக வெளிச்சம் காட்டி அடுத்ததைக் கழுவினேன். அது வந்தது பாருங்கள்! மணல் வெள்ளை வெளேரென்று, அதன்மேல் உடம்பு கோடு கிழித்த மாதிரி. வெயிலில் நீண்டு கிடந்த இடது கையும் வெள்ளை வெளேரென்று. அதே மாதிரி இன்னொன்றும் போட்டேன்.

"நல்லா வந்திருக்குலே" என்றார் அண்ணாச்சி. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு பிணத்தின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன் என்பதைச் சொல்ல இன்றைக்கும் நாக்குக் கூசுகிறது.

ஒன்றை ஏட்டய்யா கொண்டுபோனார். இன்னொன்று கடையில் இருந்தது. தோணிக்காரர்களின் வீட்டார் வந்து பார்க்கலாம் என்று சொல்லிவிட்டிருந்தார்கள். மறுநாள் காலையில் வந்தார்கள். ஒருவர் உயரம் பார்த்து இல்லை என்றார், ஒருவர் தலைமுடியைப் பார்த்து இல்லை என்றார். கடைசியாக மிக்கேலின் மனைவி லூர்தம்மாள் கொழுந்தனோடு வந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். படத்தைக் கையில் வாங்கியதும் அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது, ஜெபமாக இருக்கும். கொழுந்தன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆளு வாகு அப்படியேதான் மயினி இருக்கு" என்று மெதுவாகச் சொன்னான்.

அவள் என்னிடம் திரும்பினாள்.

"தம்பி, அவுகளுக்கு இடது கையில, இங்கன உள்பக்கம், ஒரு சிலுவை பச்சை குத்தியிருக்கும். கல்யாணம் முடிஞ்ச புதுசுல கோயில் திருநாள்ல குத்துனது. இதுல கை தெரியுது, சிலுவையக் காணோம். படத்துல அது விழாமப் போயிருக்குமோ?"

நன்றாகக் கேளுங்கள். அவள் கேட்டது சரியான கேள்வி. இந்தத் தொழிலில் இருக்கிற எவனும் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி. விழாமல் போக எத்தனையோ வழி இருந்தது. பச்சை என்கிறோமே தவிர, குத்தியது ஆறினால் நீலம்தான். அந்தக் காலத்துப் பிளேட்டில் நீலம் வெளிறிப்போகும். தண்ணீரில் பன்னிரண்டு நாள் ஊறிய தோல். உச்சி வெயில். அதற்குமேல் என் புரோமைடு. இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் அந்தக் கடையில் நான்தான். ஆனால் ‘விழாமப் போயிருக்குமோ’ என்று அவள் சொன்னது என் காதில் என் பிரிண்டைப் பற்றிய புகாராகத்தான் விழுந்தது.

"அதெப்படிக்கா விழாமப் போகும்? நம்ம கண்ணு தப்பவிட்டாலும் காமிரா விடாது. பாருங்க, எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு. படத்துல இல்லன்னா உடம்புலயும் இல்லக்கா" என்றேன்.

"மாதாவே!" என்று அவள் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். "கேட்டியாய்யா, அவுக இல்ல. எங்கயோ கரை ஏறியிருக்காக" என்று கொழுந்தன் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனாள். ஒரு பெண்ணின் வயிற்றில் பால் வார்த்த நிறைவோடு நான் மறுபடியும் இருட்டறைக்குள் போனேன்.

மூன்று வாரம் இருக்கும். ஹைப்போ ஜாடியைக் கழுவுவதற்காகத் தூக்கினேன். அதன் அடியில் ஏதோ ஒட்டியிருந்தது. அன்றைக்கு வீசிய முதல் பிரிண்ட். பிரித்தெடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். அந்தப் படத்தைப் பகல் வெளிச்சத்தில் நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சாம்பல் மணல், சாம்பல் கை. கையின் உள்பக்கம், அந்தச் சாம்பலைவிட ஒரு மாற்று மட்டும் கூடுதலான சாம்பலில், நெல்மணி நீளத்துக்கு ஒரு சிலுவை.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். என்னை நானே ஏமாற்றிக்கொள்ள முடியுமா என்று படத்தைச் சாய்த்தும் திருப்பியும் பார்த்தேன். சிலுவைதான்.

பிளேட்டைத் தேடினேன். தேடும்போதே அது இருக்காது என்று தெரியும். சண்டைக் காலத்தில் வேண்டாத பிளேட்டுகளைச் சலவைச் சோடாத் தண்ணீரில் ஊறப்போட்டுச் சுரண்டி, கண்ணாடியைப் படத்துக்குச் சட்டம் போடுகிறவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். முந்தின வாரம்தான் ஓர் அடுக்கைச் சுரண்டினேன். என் கையால்தான் சுரண்டினேன். பளிச்சென்று ஒரு பிரிண்டு இருக்கும்போது பிளேட் எதற்கு என்று நினைத்திருந்தேன்.

அண்ணாச்சியிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். காப்பியை ஆறவிட்டு அவர் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் கண்டேன். "போலீசுல ஃபைலை மூடிட்டான்லே. அந்தப் பொம்பள நிம்மதியா இருக்கா. இப்பப் போயி என்னத்தச் சொல்லுவ? விட்டுரு" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அப்படி ஒருவர் சொல்லமாட்டாரா என்று காத்திருந்தவன் நான். உடனே விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். அந்த முதல் பிரிண்ட் ஹைப்போவில் சரியாகக் கிடக்கவில்லை, தண்ணீரில் அலசவும் இல்லை. அப்படியே வைத்தால் நாளாக நாளாகப் பழுப்பேறிக் கெட்டுப்போகும் என்று நேற்று வேலைக்கு வந்தவனுக்குக்கூடத் தெரியும். மறுபடி ஹைப்போவில் போட்டு நன்றாக அலசிக் காயவைக்க ஒரு பொழுது போதும். நான் செய்யவில்லை. ஓர் உறையில் போட்டு அலமாரிக்குப் பின்னால் செருகினேன். மறந்துபோய்ச் செய்யாமல் விட்டேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. அது தானாகக் கெட்டுப்போனால் நல்லது என்று நினைத்த ஒருவன் உள்ளுக்குள் இருந்தான்.

கொழும்பிலிருந்து தோணி வரும் நாளெல்லாம் லூர்தம்மாள் தோணித்துறையில் நிற்பாள். இறங்குகிற ஒவ்வொருவரிடமும் விசாரிப்பாள். எட்டுப் பேரில் மற்ற ஏழு வீட்டிலும் ஒரு வருஷம் பார்த்துவிட்டு இறந்தவர்களுக்கான பூசை வைத்து அழுது முடித்துவிட்டார்கள். அவள் மட்டும் வைக்க விடவில்லை. மாமியாரோடு சண்டை. "உசுரோட இருக்கிறவுகளுக்குப் பூசை வைக்கச் சொல்லுதீங்களே! படத்தப் பாத்துட்டு அந்தத் தம்பியே சொல்லிருச்சு" என்பாளாம். இதைக் கொழுந்தனே என்னிடம் சொன்னான். அதற்குப் பிறகு நான் தோணித்துறைப் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

சண்டை முடிந்தது. புதுப் பேப்பர் வந்தது. ஒருநாள் லூர்தம்மாள் கடைப் படி ஏறினாள், மகளையும் கூட்டிக்கொண்டு. மிக்கேல் போகும்போது கைக்குழந்தையாக இருந்த பெண்.

"கொழும்பு ஆஸ்பத்திரியில அவுகள மாதிரியே ஒருத்தரப் பாத்ததா ஒரு தோணிக்காரர் சொல்லுதாரு தம்பி. பழசெல்லாம் மறந்துபோயி இருக்காகளாம். எங்க ரெண்டு பேரையும் ஒரு படம் எடுத்து அனுப்புனா நெனப்பு வந்துரும்லா? பளிச்சுன்னு வரணும் தம்பி. அவுகளுக்கு அடையாளம் தெரியணும்."

அண்ணாச்சி என்னைப் பார்க்காமல் படம் எடுத்தார். நான் உள்ளே போய்க் கழுவினேன். புதுப் பேப்பர், புரோமைடு கூட்டவேண்டிய அவசியமில்லை. தட்டில் இரண்டு முகங்கள் மெல்ல மேலே வந்தன. நான் உள்ளே தனியாக அழுதேன். அந்தப் பிரிண்டை இரண்டு ஹைப்போவில் போட்டேன், நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசினேன். ஹைப்போ மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, கிணற்றில் போடுகிற ஊதா மருந்தைக் கரைத்து ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போம். நிறம் மாறாமல் நிற்கும்வரை அலசினேன். அப்படி ஒரு பிரிண்டை நான் அதற்கு முன்பும் கழுவியதில்லை, பின்பும் கழுவியதில்லை.

மறுநாள் வாங்க வந்தாள். உட்காரச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். புரோமைடு, புகை, வீசிய பிரிண்ட், சுரண்டிய பிளேட், எதையும் விடவில்லை. "அது அவருதான்க்கா. கையில சிலுவை இருந்துச்சு. நான் கண்ணால பாத்தேன்" என்றேன். உறையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

கொடுக்கும்போதுதான் நானே பார்த்தேன். முழுக்கப் பழுப்பேறி, ஜாடி இருந்த இடத்தில் வட்டமாகக் கறை பிடித்து, மணல் எது கை எது என்று தெரியவில்லை.

அவள் வாசலுக்குப் போய் வெயிலில் வைத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். முந்தானையால் ஒருதரம் துடைத்தும் பார்த்தாள். திரும்பி வந்தாள். கோபப்படுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் நின்றுகொண்டிருந்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"இதுலயும் சிலுவை இல்லையே தம்பி" என்றாள்.

"அப்போ இருந்துச்சுக்கா. நான் ஒழுங்காக் கழுவாம விட்டதால..."

"படத்துல இல்லன்னா உடம்புலயும் இல்லன்னு நீங்கதான சொன்னீங்க?" பொறுமையாக, ஏதோ நான் மறந்துவிட்டதை ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னாள். பிறகு தன் படத்தை வாங்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, கொழும்புக்குப் புறப்படுகிற தோணியில் அதைக் கொடுத்தனுப்ப வேகமாகப் போனாள்.

நான் கீழவைப்பாருக்குப் போனேன். புதைத்த இருவரில் ஒருவர் இருந்தார். "மொகத்தப் பாத்த பொறவு கைய யாரு பாத்தா?" என்றார். இடத்தையும் அவரால் காட்ட முடியவில்லை, மணல் மாறிவிட்டிருந்தது. பங்குச் சாமியாரிடம் போய் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கொழுந்தன் முன்னின்று மிக்கேலுக்குப் பூசை வைத்தான். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மாமியார் வந்திருந்தாள், மகளும் வந்திருந்தாள். லூர்தம்மாள் வரவில்லை. அன்றைக்கு ஒரு தோணி வரவேண்டியிருந்தது.

நீங்கள் எல்லோரும் என்னைவிடப் படித்தவர்கள். உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இரண்டுதான். வேண்டாமென்று வீசுகிற பிரிண்டை வீசுவதற்கு முன்னால் ஒருதரம் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். யாராவது வந்து ‘படத்தில் விழாமல் போயிருக்குமோ’ என்று கேட்டால், ‘போயிருக்கும்’ என்று சொல்லுங்கள். உங்கள் கைவேலைக்கு அதனால் ஒரு குறைவும் வந்துவிடாது.

நான் கழுவிக் கொடுத்த படத்தைத் தோணிக்காரர்கள் கொழும்புக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். அப்படி யாரும் இல்லை என்று திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் அதை அடுத்த தோணியில் வேறொருவரிடம் கொடுத்தனுப்பினாள். அது திரும்பி வந்ததும் அதற்கடுத்த தோணியில். எத்தனை தடவை போய்வந்தது என்று எனக்குத் தெரியாது. பல வருஷம் கழித்து ஒரு தோணிக்காரர் தன் மடியிலிருந்து அதை எடுத்து என்னிடம் காட்டினார். மூலைகள் ஒடிந்திருந்தன, நடுவில் மடித்த தடம் இருந்தது. பழுப்பு மட்டும் ஏறவேயில்லை. தாயும் மகளும் நேற்று எடுத்ததுபோலப் பளிச்சென்று இருந்தார்கள்.